மீட்பும் பற்றும்: சேலம் – நாமக்கல் சமவெளியின் ஊர்க் கபடிக் குழுக்கள் குறித்து ஓர் ஆய்வு

1. பொருளும் எல்லையும்

கபடியில் குழுவின் உத்தி வேறு, குழுவின் மீதுள்ள பற்று வேறு என்று கொண்டு இரண்டையும் தனித்தனியே பேசுவதே வழக்கமாக இருந்து வருகிறது. பயிற்சி நூல்கள் உத்தியைச் சொல்லிப் பற்றை விட்டுவிடுகின்றன. ஊர்ப்பெருமை பேசுவோர் பற்றைச் சொல்லி உத்தியை விட்டுவிடுகின்றனர். கபடியின் விதியமைப்பே இவ்விரண்டையும் ஒன்றோடொன்று பிணைத்து வைத்திருக்கிறது என்பதையும், அந்தப் பிணைப்பு, எதிர்ப்பக்கம் பாடி நுழையும் பாட்டைக் காட்டிலும், அப்படி நுழைபவரை மடக்கும் பிடியிலேயே இறுக்கமாக உள்ளது என்பதையும் இக்கட்டுரையில் நிறுவ முனைகிறோம்.

ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட நிலப்பகுதி, 1997ஆம் ஆண்டு நாமக்கல் தனி மாவட்டமாகப் பிரியும் வரை ஒரே மாவட்டமாக இருந்த சேலம் – நாமக்கல் சமவெளி. சேர்வராயன் மலைக்கும் கொல்லிமலைக்கும் காவிரிக்கும் இடையில் ஓமலூர், தாரமங்கலம், எடப்பாடி, சங்ககிரி, திருச்செங்கோடு, ராசிபுரம், சேந்தமங்கலம், பரமத்திவேலூர், மோகனூர் எனப் பரந்து கிடக்கும் ஊர்கள் இவை. பொங்கலுக்கும் ஆடிப்பெருக்குக்கும் மாரியம்மன் நோன்பிக்கும் இங்கே ‘மாபெரும் மின்னொளி கபடிப் போட்டி’ என்ற பேனர் கட்டாத வட்டாரம் அரிது. அப்போட்டிகளில் ஆடும் ஊர் இளைஞர் குழுக்களே நம் ஆய்வுப் பொருள். பஞ்சாபின் வட்டக் கபடி வேறு ஆட்டம், அதை விலக்கினோம். மகளிர் குழுக்கள் தனி ஆய்வுக்குரியவை. இங்கே ஒரு பத்தியில் அடக்கினால் அவற்றுக்கு நியாயம் செய்ததாகாது.

2. வரையறைகள்

ஆடவர் களம் 13 மீட்டர் நீளமும் 10 மீட்டர் அகலமும் உடையது. நடுக்கோடு அதை இரண்டாகப் பிரிக்கும். நடுக்கோட்டிலிருந்து 3.75 மீட்டரில் தொடுகோடு. அதற்கு ஒரு மீட்டர் அப்பால் போனஸ் கோடு. பக்கத்துக்கு எழுவர் ஆட, ஐவர் வெளியே காத்திருப்பர். பாதிக்கு 20 நிமிடமாக இரண்டு பாதி. ஒரு பாட்டுக்கு 30 விநாடி.

மூச்சு விடாமல் ‘கபடி’ சொல்லி எதிர்ப்பக்கம் நுழைபவரைப் பாடுநர் என்போம். களத்தில் அவர் ரெய்டர். அவரை மடக்க நிற்போர் பிடிநர். பிடிநருள் ஓரத்தில் நிற்கும் இருவர் கார்னர். அவர்களை அடுத்து நிற்போர் இன். அவர்களுக்கும் உட்புறம் நிற்போர் கவர். நடுவில் நிற்பவர் சென்டர்.

மீட்பு என்பது, ஒரு குழு புள்ளி எடுக்கும்போது அக்குழுவிலிருந்து வெளியேறியிருந்த ஒருவர் மீண்டும் களத்துக்குள் வருவது. ‘ஆள் இறங்குது’ என்று பார்வையாளர் குரல் கொடுப்பது இதைத்தான். மீட்புக்கு மூன்று நிபந்தனைகள் உண்டு. வெளியேறிய வரிசையிலேயே ஆட்கள் திரும்புவர். எதிராளி ஒருவர் வெளியேறியதால் கிடைத்த புள்ளிக்கு மட்டுமே மீட்பு. போனஸ் கோட்டைக் கடந்து எடுத்த புள்ளிக்கும், எதிரணி முழுவதையும் வெளியேற்றினால் கிடைக்கும் லோனா என்ற இரண்டு கூடுதல் புள்ளிக்கும் மீட்பு இல்லை.

அணிப்பற்று என்ற சொல்லை நாம் குறுக்கிய பொருளில் ஆள்கிறோம். தன் வெளியேற்றத்தால் குழுவுக்கு வரும் பயனைத் தன் புள்ளியைவிட மேலாக மதித்து, அம்மதிப்பைப் பருவம் தோறும் அதே குழுவுக்குக் காட்டும் நிலையே அணிப்பற்று. கைதட்டுவதும் கொடி பிடிப்பதும் இதன் வெளி அடையாளங்கள் ஆகலாம். அவை வரையறைக்குள் வாரா.

3. விதியின் மூன்று வகையும் பற்றின் மூன்று நிலையும்

இன்றைய விதிகள் ஒருமுகப்படுவதற்கு முன் இந்தியாவில் கபடி மூன்று வகையாக ஆடப்பட்டது. அமர் வகையில் தொடப்பட்டவர் வெளியேறுவதில்லை. புள்ளி மட்டும் எண்ணப்படும். காமினி வகையில் வெளியேறியவர், தன் அணி முழுதும் வெளியேறும் வரை உள்ளே வர முடியாது. சஞ்சீவனி வகையில் ஒருவர் வெளியேறினால் மற்றொருவரின் புள்ளி அவரை மீட்கும். 1950இல் அகில இந்தியக் கபடிக் கூட்டமைப்பும், பின் 1972இல் அமெச்சூர் கூட்டமைப்பும் தோன்றி விதிகளை ஒழுங்கு செய்தபோது நிலைத்தது சஞ்சீவனியே. 1990இல் பெய்ஜிங் ஆசிய விளையாட்டில் பதக்க ஆட்டமாக நுழைந்ததும் அதுவே.

இம்மூன்றையும் வெறும் விதி வேறுபாடாகக் கொள்வது போதாது. அமர் வகையில் ஒருவரின் தவறு அவரைக் களத்திலிருந்து நீக்குவதில்லை. ஆகவே மற்றவர் அவருக்குக் கடன்படுவதும் இல்லை. காமினியில் இழப்பு இறுதியானது. எஞ்சியவர் எவ்வளவு திறமாக ஆடினாலும் போனவரை உடனே அழைக்க இயலாது. சஞ்சீவனியில் மட்டுமே இழப்பு கடனாக மாறுகிறது. வெளியே குந்தியிருப்பவர் உள்ளே ஆடுபவரின் ஒவ்வொரு அசைவிலும் தன் மறுவரவை எதிர்பார்க்கிறார். உள்ளே ஆடுபவரோ, தான் எடுக்கும் புள்ளி யாரை இறக்கும் என்பதை அறிந்தே ஆடுகிறார். இதை மீட்புக் கடன் எனலாம். பின்வரும் உத்திகள் எல்லாம் இக்கடனைக் கையாளும் முறைகளே.

4. பாட்டின் உத்திகள்

பாட்டை மூன்று வகையாகப் பிரிக்கலாம். புள்ளிப்பாட்டு எதிராளியை வெளியேற்றச் செல்வது. போனஸ்பாட்டு, எதிர்ப்பக்கம் குறைந்தது ஆறு பேர் நிற்கும்போது போனஸ் கோட்டைக் கடந்து ஒரு புள்ளி கொண்டு வருவது. வெறும்பாட்டு தொடுகோட்டைக் கடந்துவிட்டுப் புள்ளி இன்றித் திரும்புவது. இரண்டு வெறும்பாட்டுக்குப் பின் மூன்றாம் பாட்டில் புள்ளி எடுக்காவிட்டால் பாடுநர் வெளியேற வேண்டும் என்ற விதியை 2014இல் தொடங்கிய புரோ கபடி பரவலாக்கியது; ஊர்ப் போட்டிகளுக்கும் அது வந்துவிட்டது.

இவற்றுள் பார்வையாளர் அதிகம் பழிப்பது வெறும்பாட்டை. உத்தியின் பார்வையில் அது மிகவும் மதிக்கத்தக்கது. ஓர் எடுத்துக்காட்டை நெருங்கிப் பார்ப்போம். ஒரு குழுவின் தலைமைப் பாடுநர் மூன்றாவதாக வெளியேறுகிறார். அவருக்கு முன்பே வெளியேறிய ஒரு கார்னரும் ‘இன்’ ஆட்டக்காரர் ஒருவரும் வெளியே இருக்கின்றனர். அவர் திரும்ப மூன்று மீட்புப் புள்ளிகள் வேண்டும். உள்ளே நால்வர், அவருள் ஒருவர் துணைப் பாடுநர். அவர் போனஸ் எடுத்தால் பலகையில் புள்ளி ஏறும், ஆள் இறங்காது. தொடப் போனால் புள்ளி கிடைக்கலாம். பிடிபட்டால் நால்வர் மூவராவர். எனவே துணைப் பாடுநர் இரு முறை தொடுகோட்டைத் தாண்டி வெறுமனே திரும்புகிறார். ஊர் அவரைத் திட்டுகிறது. அந்த இடைவெளியில் எதிரணிப் பாடுநர் இரு முறை உள்ளே வர, உள்ளே நிற்போர் சேர்ந்து இரு முறையும் பிடிக்கிறார்கள். இருவர் இறங்குகிறார்கள். மூன்றாம் பாட்டில் துணைப் பாடுநர் வேறு வழியின்றிப் பாய்ந்து ஒருவரைத் தொட்டு வர, தலைமைப் பாடுநர் களத்துக்குத் திரும்புகிறார். ஆட்டக் குறிப்பேட்டில் அத்துணைப் பாடுநரின் பெயருக்கு எதிரே இருப்பது ஒரே ஒரு புள்ளி.

இதற்கும் மேலான தன்னிழப்பு ஒன்று உண்டு. இருவரே எஞ்சி, தலைமைப் பாடுநர் மீட்பு வரிசையில் நான்காவதாக இருக்கும்போது, அவ்விருவரும் வேண்டுமென்றே விரைந்து வெளியேறி லோனாவை விட்டுக்கொடுப்பர். எதிரணிக்கு இருவருக்கான இரண்டும் லோனாவுக்கான இரண்டுமாக நான்கு புள்ளி போகும். எழுவரும் உடனே உள்ளே வருவர். நேரம் மிச்சமிருக்கும்போது இது கணக்கில் சரி. ஆனால் தன் ஊர்க்காரர் முன் தானாகக் கோட்டைத் தாண்டி வெளியேறும் இளைஞருக்கு அந்தக் கணக்கு மட்டும் போதாது. தன்னைத் தவறாக எண்ணமாட்டார்கள் என்ற உறுதியும் வேண்டும். அந்த உறுதி ஒரு மாலையில் கிடைப்பதன்று.

5. பிடியின் உத்திகள்

பிடியே இவ்வாய்வின் மையம். பிடியை மூன்று கட்டமாகக் காணலாம்: தொடக்கம், சேர்க்கை, முடிப்பு.

தொடக்கம் பெரும்பாலும் கார்னருடையது. போனஸுக்குக் காலை நீட்டும் பாடுநரின் கணுக்காலைக் கார்னர் பற்றுவார். இதை ஏங்கிள் பிடி என்பர். தொடையைக் கட்டுவது, நெஞ்சில் மோதித் தள்ளும் டேஷ், குறுக்கே நின்று மறிக்கும் பிளாக் ஆகியவை பிற தொடக்கங்கள். சேர்க்கை என்பது அடுத்தவர் பாடுநரின் இடுப்புக்கோ மறுகாலுக்கோ வந்து சேர்வது. முடிப்பு என்பது நடுக்கோட்டுக்குப் போகும் வழியைக் கவர் அடைத்து, பாடுநரை மண்ணோடு நிறுத்துவது.

இங்கே ஒரு விதியை நன்றாகக் கவனிக்க வேண்டும். பிடிபட்ட பாடுநர் எப்படியோ இழுத்துக்கொண்டு நடுக்கோட்டைத் தொட்டுவிட்டால், அவரைப் பற்றியிருந்த அத்தனை பேரும் வெளியேற வேண்டும். ஒருவர் பிடித்துத் தோற்றால் ஒரு புள்ளி; நால்வர் பிடித்துத் தோற்றால் நான்கு. ஆகவே சேர்க்கைக்கு ஓடும் ஒவ்வொருவரும் தானும் புள்ளியாகிவிடும் ஆபத்தோடு ஓடுகிறார். ஓடாமல் ஒதுங்கி நிற்பவர் பெரும்பாலும் பாதுகாப்பாகவே இருப்பார். அவர் மீது எந்தக் குறிப்பேட்டிலும் பழி ஏறாது. பிடியைத் தொடங்கித் தனியே விடப்பட்ட கார்னரின் பெயரே ஏறும்.

உத்தியும் பற்றும் இணையும் முடிச்சு இதுதான். ஏற்கனவே நழுவத் தொடங்கிய பிடிக்குள் போய் விழுவதா வேண்டாமா என்பதை இன் முடிவு செய்ய அரை விநாடியும் இல்லை. அந்நேரத்தில் யாரும் கணக்குப் போடுவதில்லை. பல ஆண்டுகள் ஒரே மண்ணில் ஆடியதால் அந்தக் கார்னரின் கை எப்போது விடும், எப்போது விடாது என்பது அவருக்கு உடம்பாலேயே தெரியும். கைகோத்து நிற்கும் சங்கிலியில் விரலழுத்தத்தாலேயே தொடக்கத்தை அறிவிக்கும் இணைகள் உண்டு. வாய்விட்டுச் சொன்னால் பாடுநருக்கும் கேட்டுவிடுமே.

சூப்பர் டேக்கிள் என்ற விதி இதை இன்னும் கூர்மையாக்கியது. மூவரோ அதற்குக் குறைவாகவோ நிற்கும்போது பிடித்தால் ஒரு கூடுதல் புள்ளி; ஆனால் மீட்பு ஒருவருக்கே. எண்ணிக்கை குறையக் குறைய இணையின் மதிப்பு கூடுகிறது. மூவராக நிற்கும் குழுவில் இருவர் ஒருவரையொருவர் அறிந்தவராக இருந்தால், அதுவே நல்ல தடுப்பணி.

6. பற்றின் காரணங்கள்

இச்சமவெளியில் பற்று எவற்றால் விளைகிறது? முதற்காரணம் களமே. பள்ளிக்கூடத்து மைதானமோ, கோயிலுக்குப் பக்கத்துப் புறம்போக்கோ, அறுப்பு முடிந்த காடோ, ஓர் ஊருக்கு வாய்ப்பது ஒரே களம். எட்டாம் வகுப்புப் பையனும் முப்பது வயதுக்காரரும் அங்கேதான் ஆடியாக வேண்டும். சின்னவர் பெரியவரிடம் பிடிபட்டே பிடி கற்கிறார். குழுவில் இடம் வருவதும் வயது வரிசையில்தான்.

இரண்டாவது காரணத்தை இவ்வட்டாரத்துக்கே உரியதாகக் கருதுகிறோம். திருச்செங்கோட்டு ரிக் வண்டிகளில் ஆழ்துளைக் கிணறு போட வடமாநிலங்களுக்குப் போனவர் மாதக்கணக்கில் திரும்புவதில்லை. நாமக்கல் லாரிகளில் போனவருக்கு வீடு திரும்பும் நாளைச் சொல்ல முடியாது. குமாரபாளையத்திலும் பள்ளிபாளையத்திலும் விசைத்தறி ஓட்டுவோருக்கு ஷிப்டு முடிந்த பிறகே மாலை. எழுவரும் ஒருசேரப் பயிற்சி எடுப்பது இங்கே அரிய நிகழ்ச்சி. அப்படியிருந்தும் நோன்பிக்கு ஊர் வந்தவர் அன்றிரவே பழைய எண் போட்ட பனியனை மாட்டிக்கொண்டு தன் பழைய இடத்தில் நிற்கிறார். அவர் இல்லாத மாதங்களில் அங்கே ஆடிய சின்னவர் ஒரு சொல்லும் இன்றி வெளியே போய் உட்காருகிறார். திறமையை மட்டும் அளந்தால் இது பிழையான தேர்வாகத் தோன்றும். இணையின் நினைவை அளந்தால் பிழையாகத் தோன்றாது.

மூன்றாவது, பணம் வரும் வழி. பனியன், வேன் வாடகை, நுழைவுக் கட்டணம் எல்லாம் ஊர்க் கடைக்காரரிடமும் பட்டறைக்காரரிடமும் ரிக் உரிமையாளரிடமும் திரட்டப்படுகின்றன. கொடுத்தவர் ஆட்டம் பார்க்க வருவார். அவர் கேட்பது கோப்பையை மட்டும் அன்று. யார் யார் ஆடினார்கள் என்பதையும் கேட்பார்.

7. விருந்தாளி ஆட்டக்காரர்

பரிசுத்தொகை பெருகியதும் வெளியூர்த் திறமைசாலியை ஓர் இரவுக்கு அழைத்துவரும் வழக்கமும் பெருகியது. இவரைக் கெஸ்ட் என்பர். இவ்வழக்கத்தை ஒழுக்கக் கேடாகப் பேசுவோருடன் நமக்கு உடன்பாடு இல்லை. ஏழை வீட்டு இளைஞர் தன் ஆட்டத்தால் நாலு காசு பார்ப்பதில் தவறென்ன இருக்கிறது? நாம் கேட்பது வேறு: அவரால் குழுவின் உத்தி என்ன ஆகிறது?

கெஸ்டாக வருவோரைப் பாடுநர், பிடிநர் எனப் பிரித்துப் பார்க்க வேண்டும். பாடுநர் தனியாகச் சென்று தனியாகத் திரும்புபவர். அவர் திறன் பெரும்பாலும் அவர் காலோடு வருகிறது. எந்தக் குழுவிலும் அதைக் காட்டலாம். சங்ககிரிக்காரரான கே. பிரபஞ்சன் புரோ கபடியில் 2017இல் தமிழ் தலைவாஸுக்கும், அடுத்த பருவத்தில் குஜராத்துக்கும், 2019இல் பட்டம் வென்ற பெங்கால் வாரியர்ஸுக்கும் பாடியவர். அணி மாறியும் பாட்டு மாறவில்லை. பிடிநரின் திறனில் பாதி பக்கத்தில் நிற்பவரிடம் இருக்கிறது. அந்தப் பாதியை வேனில் ஏற்றிக் கொண்டுவர முடியாது. ஆகவே கெஸ்ட் பாடுநரை எடுத்த குழு அன்றிரவு வலுக்கிறது. கெஸ்ட் கார்னரை எடுத்த குழு பெரும்பாலும் நலிகிறது.

இதற்கு எதிர்ச்சான்று ஒன்றை மறைக்கலாகாது. தஞ்சை மாவட்டத்தவரான தர்மராஜ் சேரலாதன் கார்னர் ஆட்டக்காரர். பல அணிகளில் ஆடியவர். 2016இல் பாட்னா பைரேட்ஸ் தலைவராகப் பட்டம் வென்றவர். பிடியும் இடம்பெயரும் என்பதற்கு அவர் சாட்சி ஆகாரா? ஆவார். ஆனால் பருவம் முழுதும் சேர்ந்து தங்கிப் பயிலும் அணிக்கும், மாலை ஆறு மணிக்கு வேனிலிருந்து இறங்கி ஏழு மணிக்கு ஆடும் குழுவுக்கும் இடையே உள்ள தூரத்தை மறக்கக் கூடாது. சேரலாதனைப் போன்றோர் போன இடத்தில் புதிய இணையை வளர்த்தெடுக்கும் ஆசிரியர்கள். ஓரிரவுக் கெஸ்டுக்கு அந்த அவகாசம் இல்லை.

8. ஒப்பீடு

கபடியின் தன்னிழப்பை வேறோர் ஆட்டத்தோடு ஒப்பிடலாம். நியூசிலாந்தில் ஸ்டாக்கார் எனப்படும் மோதல் கார்ப் பந்தயத்தில் அணிப்போட்டி என ஒரு வகை உண்டு. பால்மர்ஸ்டன் நார்த் அதற்குப் பேர்போன ஊர். பக்கத்துக்கு நான்கு கார். எந்த அணியின் கார் முதலில் கோட்டைக் கடக்கிறதோ அவ்வணிக்கே வெற்றி. எனவே ஒருவர் ஓட, மற்றவர் எதிரணிக் கார்களை மோதி மறிப்பர். மறிப்பவர் தன் சொந்தக் காரையே சிதைத்துக்கொள்வார். பழுது பார்க்கும் செலவும் அவருடையதே. நம் வகைப்பாட்டில் அது காமினியைச் சேரும், உடைந்த கார் அந்தப் பந்தயத்தில் திரும்ப வராது. அங்கே தன்னிழப்பு ஒரே தடவை, முழுமையாக. கபடியிலோ ஒரே ஆட்டத்தில் ஒருவர் பலமுறை தன்னை இழக்கலாம், பலமுறை மீட்கப்படலாம். ஆதலால் ஸ்டாக்காரில் பற்று ஒரு முடிவாக வெளிப்படுகிறது, கபடியில் பழக்கமாக.

பழகிய இணையின் வலுவுக்கு நமக்கு அண்மையான சான்று 2022ஆம் ஆண்டுப் புரோ கபடி. தமிழ் தலைவாஸ் பாடுநர் பவன் செராவத்தை 2 கோடியே 26 லட்சம் ரூபாய்க்கு எடுத்தது. முதல் ஆட்டத்திலேயே அவர் காயமுற்றுப் பருவம் முழுவதும் ஆடாமல் போனார். ஆயினும் அதுவரை எட்டாத அரையிறுதியை அப்பருவத்திலேதான் அணி எட்டியது. கார்னரில் சாகர் ராத்தியும் சாஹில் குலியாவும், கவரில் எம். அபிஷேக்கும் முந்தைய பருவத்திலிருந்தே சேர்ந்து ஆடியவர்கள். இளம் பாடுநர் நரேந்தரின் எழுச்சியும் இதற்குக் காரணம். அதைக் குறைத்துச் சொல்வது நேர்மையாகாது. எனினும், விலைமதிப்பு மிக்க பாடுநர் வீழ்ந்த பின்னும் தளராமல் நின்றது பழகிய தடுப்பணியே என்பது நம் துணிபு.

9. போட்டிக் குழுவினருக்கு

இவ்வாய்விலிருந்து மூன்று வேண்டுகோள்களை ஊர்ப் போட்டி நடத்துவோர் முன் வைக்கிறோம். கெஸ்ட் எண்ணிக்கையை எழுவரில் இருவர் என வரையறுங்கள். அவர்கள் பிழைப்பும் கெடாது, ஊர் இணைகளும் சிதையா. சிறந்த பாடுநருக்குத் தரும் பரிசுக்கு ஈடாகச் சிறந்த பிடி இணைக்கும் ஒரு பரிசு வையுங்கள். அதை ஒருவருக்குத் தராமல் இருவருக்கும் சேர்த்தே தாருங்கள். ஆட்டக் குறிப்பேட்டில் புள்ளி எடுத்தவர் பெயரோடு, பிடியில் இரண்டாவதாக வந்து சேர்ந்தவரின் பெயரையும் எழுதுங்கள். இன்றைய குறிப்பேடுகளில் அதற்கென ஒரு பத்தி இல்லை.